கைக்குழந்தையோடு மலையில் நடப்பது: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எங்கள் ஊர் வத்தலக்குண்டு. பஸ் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் கொடைக்கானல். மகள் பிறந்த பிறகும் மலைக்குப் போவதை நாங்கள் விடவில்லை. ஏழாம் மாதத்தில் அவளைச் சுமந்துகொண்டு ஏரியைச் சுற்றி வந்தோம். அப்போதிலிருந்து சொந்தக்காரர்களும் தெரிந்தவர்களும் எங்களிடம் இதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். போனில் ஒவ்வொருவருக்கும் சொன்னதை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன்.

கொடைக்கானல், ஊட்டி, குன்னூர், ஏற்காடு, ஏலகிரி மாதிரியான நம் மலைகளில், பகலில், பாதை உள்ள இடங்களில் நடப்பதைப் பற்றித்தான் பேசுகிறேன். குழந்தைக்கு ஒரு வயதுக்குள் என்று வைத்துக்கொள்ளுங்கள். குறைமாதத்தில் பிறந்த குழந்தை, இதயத்திலோ நுரையீரலிலோ கோளாறு உள்ள குழந்தை என்றால் முதலில் உங்கள் குழந்தை மருத்துவரைக் கேளுங்கள். மீதியை அப்புறம் படிக்கலாம்.

எத்தனை மாதத்தில் கூட்டிப் போகலாம்?

மாதக் கணக்கைவிடக் கழுத்தைப் பாருங்கள். தலை நன்றாக நின்ற பிறகுதான் மேடு பள்ளமான பாதை. பெரும்பாலான குழந்தைகளுக்கு நான்காம் மாதவாக்கில் தலை நின்றுவிடும். அதற்கு முன் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஏரிக்கரைத் தார்ச்சாலையில் அரை மணி நேரம் உலாவலாம், அவ்வளவுதான். முதுகில் சட்டம் வைத்த கேரியரில் உட்கார வைக்க வேண்டுமென்றால் பிடிமானம் இல்லாமல் தானாக உட்காரும் வரை பொறுக்க வேண்டும். அது ஆறு, ஏழு மாதம் ஆகும்.

மூன்று மாதம் ஆகாத குழந்தையை மலைக்குக் கூட்டிப் போகும்படி நான் யாருக்கும் சொல்வதில்லை. அந்த வயதில் உடம்புச் சூடு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டாலே உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். ராத்திரியில், பனிமூட்டத்தில், மலைப்பாதையில் அந்த அவசரம் வேண்டாம். அம்மாவுக்கும் அப்போது பச்சை உடம்பு. இன்னொன்று, 6, 10, 14 வாரங்களில் தடுப்பூசி இருக்கும். ஊசி போட்ட ஒன்றிரண்டு நாளில் காய்ச்சல் வருவது சகஜம். அந்த வாரத்தில் பயணம் வைக்காதீர்கள்.

"பச்சைக்குழந்தைக்கு மலைக்காற்று ஆகாது, சளி பிடித்துக்கொள்ளும்" என்கிறார் அத்தை. என்ன சொல்வது?

அத்தை சொல்வதில் பாதி சரி. குளிர்காற்றால் மட்டும் சளி வருவதில்லை; கிருமிதான் காரணம். அது பெரும்பாலும் மலையில் இல்லை, கூட்ட நெரிசலான பஸ்ஸிலும் ஹோட்டலிலும் கன்னத்தைக் கிள்ளிக் கொஞ்சும் கைகளிலும் இருக்கிறது. ஆனால் கைக்குழந்தை நம்மைவிட வேகமாகக் குளிர்ந்துபோகும் என்பது உண்மை. உடம்பின் அளவுக்கு அதன் தோல்பரப்பு அதிகம், தலையும் பெரிது. சின்னக் குழந்தைக்கு நடுங்கிச் சூடு உண்டாக்கவும் தெரியாது. அத்தையிடம் வாதாடாமல் அவர் பின்னிய குல்லாவையே போட்டுக் கூட்டிப் போங்கள். முடிந்தால் அவரையும் அழைத்துப் போங்கள். குழந்தையை மடியில் வாங்கிக்கொள்ள இன்னொரு ஆள் கிடைப்பது மலையில் பெரிய உதவி.

உயரத்தால் மூச்சுத் திணறுமா?

நம் மலைகளில் அந்தப் பயம் வேண்டாம். கொடைக்கானல் ஏறக்குறைய 2,130 மீட்டர், ஊட்டி 2,240 மீட்டர். உயர நோய் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல்தான் தலைகாட்டும். தொட்டபெட்டா 2,637 மீட்டர்தான், ஆனாலும் அங்கே யாரும் இரவு தங்குவதில்லை; பார்த்துவிட்டு இறங்கிவிடுகிறோம். 3,500 மீட்டரில் இருக்கும் லேவுக்குக் கைக்குழந்தையோடு பறந்து போய் இறங்குவது வேறு விஷயம். அதற்கு இந்தப் பதில் பொருந்தாது.

கொண்டை ஊசி வளைவுகளில் குழந்தை வாந்தி எடுக்காதா? காது அடைக்காதா?

இரண்டு வயதுக்குக் கீழே பயண வாந்தி அபூர்வம். வாந்தி எடுப்பது பெரும்பாலும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நாம்தான். வயிறு நிறையப் பால் கொடுத்த உடனே வளைவு ஏறினால் குழந்தை கக்கும், அது வேறு.

காது அடைப்பது நிஜம். நாம் எச்சில் விழுங்கிச் சரிசெய்துகொள்கிறோம், குழந்தைக்கு அது தெரியாது. ஏறும்போதும் இறங்கும்போதும் இடையிடையே வண்டியை ஓரமாக நிறுத்திப் பால் கொடுங்கள். விழுங்க விழுங்க அடைப்பு விடும். ஏறும்போது சிரித்துக்கொண்டு வந்த குழந்தை இறங்கும்போது கதறுவதைப் பார்த்திருக்கிறேன், இறக்கத்தில்தான் வலி அதிகம். மூக்கடைப்பு இருக்கும் நாளில் மலை ஏறாதீர்கள். ஓடும் காரில் மடியில் வைத்துப் பால் கொடுப்பதும் வேண்டாம். குழந்தைக்கான கார் சீட்டில், பின்பக்கம் பார்த்தபடி உட்கார வைப்பதுதான் பாதுகாப்பு.

எதில் தூக்கிப் போவது? சேலையில் கட்டிக்கொள்ளலாமா?

சமதரையில் சேலை அருமையான பொருள். நம் பாட்டிமார் இடுப்பில் ஒரு பிள்ளையும் தலையில் ஒரு சும்மாடும் வைத்துக்கொண்டு வயல் வரப்பில் போனவர்கள். ஆனால் கட்டத் தெரிந்த கை வேண்டும். தெரியாமல் கட்டினால் குழந்தை உள்ளே சுருண்டு, தாடை நெஞ்சில் ஒட்டி, மூச்சு விடச் சிரமப்படும். சின்னக் குழந்தை சத்தமே போடாமல் மூச்சுக்குத் திணறும் என்பதால் இதில் விளையாட்டு வேண்டாம்.

சேலையோ, துணி கேரியரோ, எதுவானாலும் நான் பார்ப்பது இவ்வளவுதான். குனிந்தால் உச்சியில் முத்தமிட முடிகிற உயரத்தில் குழந்தை இருக்க வேண்டும். முகம் எப்போதும் என் கண்ணுக்குத் தெரிய வேண்டும். தாடைக்கும் நெஞ்சுக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். முழங்கால் இரண்டும் பிட்டத்தைவிட உயரமாக, தவளை உட்கார்ந்த மாதிரி இருக்க வேண்டும். கால்கள் நேராகத் தொங்கினால் இடுப்பு மூட்டுக்கு நல்லதல்ல. குளிருக்காக முகத்துக்கு மேல் துண்டைப் போர்த்துகிறார்கள் சிலர். தயவுசெய்து வேண்டாம்.

முன்பக்கம் கட்டியிருந்தால் உங்கள் பாதம் உங்களுக்குத் தெரியாது. படியிறங்கும்போதுதான் அது புரியும். அதனால் இறக்கம் உள்ள பாதைக்கு முன்பக்கக் கேரியர் ஆகாது. சட்டம் வைத்த முதுகுக் கேரியரில் பாதம் தெரியும். ஆனால் குழந்தையின் தலை உங்கள் தலைக்கு மேலே இருக்கும். நீங்கள் நுழைந்துவிடும் மரக்கிளை அதன் நெற்றியில் அடிக்கும். குனியும்போது இடுப்பை மடக்காமல் முழங்காலை மடக்குங்கள். பின்னால் குழந்தை தூங்குகிறதா, தலை சரிந்திருக்கிறதா என்று பார்க்க நான் ஒரு சின்னக் கைக்கண்ணாடி வைத்திருந்தேன். அதைவிட நல்லது, இன்னொருவர் பின்னால் நடந்து வருவது. காலிக் கேரியரே 3 கிலோ வரை இருக்கும். எட்டு கிலோ குழந்தை, பால், டயபர், துணி எல்லாம் சேர்ந்தால் அரைச் சிப்பம் அரிசியைச் சுமந்து ஏறுவது மாதிரிதான். வீட்டு மொட்டைமாடிப் படியில் நாலு நாள் ஏறி இறங்கிப் பழகிவிட்டுப் போங்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து நாம் வழுக்கி விழுவதுதான். பைன் மரக்காட்டில் காய்ந்த ஊசியிலை எண்ணெய் தடவிய மாதிரி வழுக்கும். செருப்பு வேண்டாம், பிடிப்புள்ள ஷூ போடுங்கள், கையில் ஒரு கம்பு வைத்துக்கொள்ளுங்கள். நடந்துகொண்டே போட்டோ எடுக்காதீர்கள்.

குளிருக்கு எத்தனை உடுப்பு போட வேண்டும்?

ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறக்குறைய 6 டிகிரி செல்சியஸ் குறையும். வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்குள் 10, 12 டிகிரி இறங்கிவிடும். கீழே பனியனோடு புறப்பட்ட குழந்தைக்கு மேலே ஸ்வெட்டர் வேண்டும். இது எல்லாருக்கும் தெரியும். ஆனால் எனக்குப் பிடிபடாமல் போனது வேறொன்று.

ஒரு ஜனவரி மாலை. மகளைக் கேரியரில் வைத்துக்கொண்டு கோக்கர்ஸ் வாக்கில் நடந்தேன். எனக்கு நல்ல வியர்வை. ஸ்வெட்டரைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டேன். பள்ளத்தாக்கிலிருந்து மூட்டம் ஏறி வந்தது. அவள் அழவில்லை, அமைதியாக இருந்தாள். சுகமாக இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். பாதை முடிகிற இடத்தில் சோளக்கதிர் சுட்டுக்கொண்டிருந்த அம்மா அவள் காலைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "என்ன தாயி, கால் இப்படி ஜில்லுன்னு கிடக்கு" என்றார். குனிந்து பார்த்தேன். ஒரு காலில் சாக்ஸ் இல்லை, எங்கேயோ விழுந்திருக்கிறது. பேண்ட் மேலே ஏறி, கணுக்காலுக்கு மேல் ஒரு சாண் அளவு வெறும் தோல். விரல்கள் நாவல்பழ நிறத்தில் இருந்தன. அந்த அம்மாவின் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவளை என் உடம்போடு ஒட்டவைத்துச் சால்வையால் மூடி, இரண்டு பாதங்களையும் என் உள்ளங்கையில் பொத்தி வைத்திருந்தேன். விரல்கள் சிவக்கப் பத்து நிமிடமானது.

நடப்பது நான். உட்கார்ந்திருப்பது அவள். எனக்குச் சூடு ஏற ஏற அவளுக்குக் குளிர் ஏறுகிறது. என் உடம்பை வைத்து அவள் குளிரைக் கணக்குப் போட்டதுதான் தப்பு.

அதனால் நாம் சும்மா உட்கார்ந்திருந்தால் என்ன போடுவோமோ அதைவிட ஓர் அடுக்கு கூடுதலாக. ஒரே தடித்த கோட்டைவிட மெல்லிய அடுக்குகள் நல்லது; கழற்றலாம், மாட்டலாம். காலுக்குப் பாதம் மூடிய பேண்ட், அதன் மேல் முழங்கால் வரை ஏறும் சாக்ஸ். காது மூடும் குல்லா. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை பிடரியில் சட்டைக்குள் இரண்டு விரலை விட்டுப் பாருங்கள். அங்கே கதகதப்பாக இருந்தால் சரி. ஈரமாக இருந்தால் ஓர் அடுக்கைக் கழற்றுங்கள். கை கால் கொஞ்சம் சில்லென்று இருப்பது இயல்பு. பிடரியும் வயிறும் குளிர்ந்திருந்தால் நடையை அங்கேயே நிறுத்திவிடுங்கள். குழந்தை அழாமல் துவண்டு கிடந்தால் சுகம் என்று எண்ண வேண்டாம். துணி பாதி வழியில் நனைந்தால் உடனே மாற்றுங்கள், அதற்கு ஒரு முழு ஜோடி பையில் இருக்கட்டும்.

குளிர்தானே, வெயிலுக்குத் தொப்பி எதற்கு?

மலையில் வெயில் உறைக்காது, ஆனால் சுடும். உயரம் ஏற ஏறப் புற ஊதாக் கதிர் கூடுகிறது, ஆயிரம் மீட்டருக்குப் பத்து சதவீதம் போல. ஆறு மாதத்துக்குள் சன்ஸ்க்ரீன் தடவாமல் நிழலையும் அகல விளிம்புத் தொப்பியையும் நம்புங்கள்.

பால், சாப்பாடு, தண்ணீர்?

ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும். மலையானாலும் சொட்டுத் தண்ணீர் வேண்டாம்; அடிக்கடி பால் கொடுத்தால் போதும். சுமக்கிற அம்மா நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், அதை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். பவுடர் பால் கொடுப்பவர்களுக்கு ஒரு விஷயம்: ஊட்டி, கொடைக்கானல் உயரத்தில் தண்ணீர் 93 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். குமிழ் வந்ததும் அடுப்பை அணைக்காமல் மூன்று நிமிடம் நன்றாகக் கொதிக்க விடுங்கள். ஹோட்டலில் "வெந்நீர்" என்று தருவது பெரும்பாலும் சூடுபடுத்திய தண்ணீர்தான், கேட்டு வாங்குங்கள். ஃபிளாஸ்க் உங்களுடையதாக இருக்கட்டும்.

ஆறு மாதம் தாண்டிய குழந்தைக்கு மலைவாழைப்பழத்தைப் போல எளிதானது எதுவுமில்லை. உரிக்கலாம், விரலால் மசிக்கலாம், தோலைப் பையில் போட்டுக்கொள்ளலாம். மலைத்தேனை மட்டும் ஒரு வயதுவரை நாக்கில்கூடத் தடவாதீர்கள். சுத்தமான தேன்தானே என்பார்கள். தேன் எவ்வளவு சுத்தமானாலும் அதில் இருக்கக்கூடிய போட்டுலிசக் கிருமியின் வித்துகள் சின்னக் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கும், தசைகள் தளர்ந்துபோகும்.

ஊட்டியில் வாங்கிய நீலகிரித் தைலத்தை நெஞ்சில் தடவலாமா?

கூடவே கூடாது. கடைக்குக் கடை அடுக்கி வைத்திருப்பதால் சாதாரணப் பொருள் என்று நினைத்துவிடுகிறோம். கைக்குழந்தையின் மூக்குப் பக்கம் தைலமோ கற்பூரம் கலந்த களிம்போ போனால் மூச்சுக்குழாய் இறுகலாம். கொஞ்சம் வயிற்றுக்குள் போனாலே வலிப்பு வரும் அளவுக்கு ஆபத்து. பாட்டிலைக் குழந்தைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். குளிருக்கு என்று பிராந்தி தொட்டு வைக்கும் பழக்கமும் சில வீடுகளில் இருக்கிறது. அதையும் விட்டுவிடுங்கள்.

டயபரை என்ன செய்வது?

பையில் போட்டுக் கட்டிக் கீழே கொண்டு வாருங்கள். காட்டில் புதைத்தால் பன்றியோ நாயோ கிளறி எடுக்கும். துணி நாப்பி பழக்கம் இருந்தாலும் மலைக்கு ஒத்துவராது, மூட்டத்தில் இரண்டு நாளானாலும் காயாது.

அட்டை, குரங்கு, காட்டுமாடு?

மழைக்காலத்தில் சோலைக்காட்டுப் பாதையில் அட்டை ஏறும். சுமக்கும் குழந்தையைவிட உங்களைத்தான் முதலில் பிடிக்கும். குழந்தை மேல் இருந்தால் உப்போ நெருப்போ வேண்டாம். வாய் ஒட்டியிருக்கும் இடத்தில் நகத்தை வைத்துப் பக்கவாட்டில் தள்ளினால் விட்டுவிடும். ரத்தம் கொஞ்ச நேரம் கசியும், துணியால் அழுத்திப் பிடியுங்கள். கொசுவிரட்டி மருந்தைவிட முழுக்கைச் சட்டையும் வலையும் நல்லது. இரண்டு மாதத்துக்குள் எந்த விரட்டியும் தடவக்கூடாது.

குரங்கு பால் பாட்டிலைப் பிடுங்கும். குழந்தையின் கையில் பிஸ்கட்டோ பழமோ இருந்தால் அதன் கைக்குத்தான் வரும். குரங்கு தெரிந்தால் தின்பண்டம் எதுவும் வெளியே இருக்கக்கூடாது. கொடைக்கானல் தெருக்களிலேயே காட்டுமாடு நிற்கும். சாதுவாக நிற்கிறதே என்று பக்கத்தில் போய்க் குழந்தைக்குக் காட்டாதீர்கள். தூரத்திலேயே திரும்பிவிடுங்கள்.

எங்கே நடக்கலாம், எங்கே கூடாது?

கொடைக்கானல் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர், சமமான பாதை, வேண்டிய இடத்தில் முடித்துக்கொள்ளலாம். கோக்கர்ஸ் வாக் ஒரு கிலோமீட்டர், கம்பித் தடுப்பு உண்டு, காலை நேரம் நல்லது. ஊட்டித் தாவரவியல் பூங்கா, குன்னூர் சிம்ஸ் பூங்கா, ஏற்காடு ஏரிக்கரை எல்லாம் முதல் நடைக்கு ஏற்றவை.

வட்டக்கானலிலிருந்து டால்பின் நோஸுக்கு இறங்கும் பாதை குழந்தைக்கானதல்ல. செங்குத்து, வேர்கள், மழையில் சேறு, கடைசியில் பாறை விளிம்பு. கொல்லிமலை ஆகாய கங்கைக்கு ஆயிரத்துக்கும் மேல் படிகள்; இறங்கிவிடலாம், திரும்ப ஏற வேண்டுமே. வெள்ளியங்கிரியும் பர்வதமலையும் பேச்சுக்கே இடமில்லை. வனத்துறை அனுமதி தேவைப்படும் காட்டுப் பாதைகளுக்கும் குழந்தை நடக்கும் வயது வரட்டும். 2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத்தீயில் மலையேறப் போன இருபது பேருக்கு மேல் இறந்தார்கள். திடமான ஆட்களாலேயே ஓட முடியவில்லை.

நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் முறை வந்தது. புறப்படும் முன் பார்த்துக்கொள்ளுங்கள், சோதனைச் சாவடியில் பசித்த குழந்தையோடு நிற்க வேண்டாம்.

பழனிக்கு மொட்டை போடப் போகிறோம். படியேறித் தூக்கிப் போகலாமா?

நம்மில் பல பிள்ளைகளின் முதல் மலை பழனிதான். படி ஏறக்குறைய எழுநூறு. யானைப்பாதை சரிவாக, மெதுவாக ஏறும். தூக்கிப் போகிறவருக்கு அதுதான் நல்லது. வேண்டுதல் இல்லையென்றால் விஞ்ச் இருக்கிறது. விடிகாலையில் ஏறிவிடுங்கள். பத்து மணிக்கு மேல் கல் சுடும், வெறுங்காலோடு தத்தித் தத்தி நடந்தால் குழந்தையோடு விழ வாய்ப்புண்டு. மொட்டைக்குப் புது பிளேடு போடச் சொல்லிக் கண்ணால் பாருங்கள். சந்தனம் பூசிய தலையானாலும் வெயிலில் காட்டாமல் மெல்லிய துணித் தொப்பி போடுங்கள்.

ஒரே மூச்சில் எவ்வளவு நேரம் நடக்கலாம்?

நாற்பத்தைந்து நிமிடம் நடந்தால் கால் மணி நேரம் இறக்கி வையுங்கள். கேரியரில் கால் மரத்துப்போகும். விரிப்பில் போட்டுக் குப்புற விழ விடுங்கள், கால் உதைக்கட்டும், டயபர் பாருங்கள், பால் கொடுங்கள். மொத்தம் இரண்டு மணி நேர நடை தாராளம். நாங்கள் எல்லா முறையும் பாதியில் திரும்பத் தயாராகத்தான் போவோம். பலமுறை திரும்பியும் இருக்கிறோம்.

ராத்திரி அறையில் குளிர் தாங்கவில்லையென்றால்?

அறைக்குள் கரி அடுப்போ நெருப்புச் சட்டியோ வைத்துக் கதவைச் சாத்தாதீர்கள். நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும். குழந்தையின் முகத்துக்குப் பக்கத்தில் கனத்த ரஜாயும் வேண்டாம். உடுப்பை அடுக்காகப் போட்டு, போர்வை இல்லாமல் மல்லாக்கப் படுக்க வையுங்கள்.

திரும்பி வந்த பிறகு எதைக் கவனிக்க வேண்டும்?

அன்று ராத்திரியே வெந்நீரில் குளிப்பாட்டும்போது கழுத்து மடிப்பு, அக்குள், தொடையிடுக்கு, காதுக்குப் பின்னால் எல்லாம் வெளிச்சத்தில் பாருங்கள். புதரிலும் புல்லிலும் இருக்கும் மிகச் சிறிய பூச்சி கடித்தால் ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சல் வரலாம். தமிழ்நாட்டில் இது புதிதல்ல. அதனால்தான் நான் குழந்தையைப் புல்லில் நேரடியாகப் படுக்க வைப்பதில்லை, துணியையும் புல்லில் உலர்த்துவதில்லை. கடித்தது அன்றே தெரியாது. ஒரு வாரம், இரண்டு வாரம் கழித்துக் காய்ச்சல் வரும். கடித்த இடத்தில் பீடி சுட்ட தழும்பு மாதிரி கறுப்புப் பொருக்கு இருக்கலாம், மடிப்புக்குள் ஒளிந்திருக்கும். மூன்று வாரத்துக்குள் எந்தக் காய்ச்சல் வந்தாலும் மருத்துவரிடம் முதல் வார்த்தையாக "மலைக்குப் போய் வந்தோம்" என்று சொல்லுங்கள். சரியான மருந்தைச் சீக்கிரம் ஆரம்பித்தால் குணமாகிவிடும். ஒரு நாளைக்கு ஆறுக்கும் குறைவாக டயபர் நனைந்தால், உச்சிக்குழி அமுங்கித் தெரிந்தால், பால் குடிக்க மறுத்தால், விலா ஒட்ட மூச்சு வாங்கினால் விடியும்வரை காத்திருக்காமல் உடனே காட்டுங்கள்.